பெட்டியை மடித்துப் பார்த்தீர்களா?

போன ஆயுத பூஜைக்கு நம் அச்சகத்துக்கு வந்திருந்தேன். லேபிள் சரிபார்க்கும் அறையில் இருக்கும் தம்பிமார் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல எல்லாம் முடிஞ்சு சரின்னு அமுக்கப் போனா, 'பெட்டியை மடித்துப் பார்த்தீர்களா?'ன்னு ஒரு கேள்வி வருதுல்லா, அது எதுக்கு? நாங்க யாரும் மடிக்கதில்ல. ஆமான்னு அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கோம். புதுசா சாப்ட்வேர் மாத்தப் போறோம், அதை எடுத்துரலாமா? நீங்க வச்சதுன்னு சொல்லுதாவளே" என்று கேட்டார்கள்.

வைத்தது நான் இல்லை. செல்வி என்ற பிள்ளை வைத்தது. ஏன் வைத்தாள் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு கையில் சுண்டல், ஒரு கையில் பொரி, காதில் மைக்செட். வாயைத் திறந்தால் பொரிதான் பறக்கும். அதனால் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவதைத் தாண்டாதவன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலமெல்லாம் புரூப் பார்த்தவன் பிழையைப் பொறுக்கச் சொல்கிறானே என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது மருந்துப் பெட்டி அச்சகம் இல்லை. கோவில்பட்டியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தீப்பெட்டி ஆபீஸ் இருந்த காலம். நாங்கள் தீப்பெட்டி லேபிள் அடித்தோம். கிளி, ரயில், சாவி, தாமரை என்று மலைமலையாகக் குவியும். காலையில் செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் திருநீறு காய்வதற்குள் அச்சகத்துக்கு வந்துவிடுவேன். மை வாசனையும் சூடான காகித வாசனையும் கலந்து வாசலிலேயே வந்து வரவேற்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்குக் கால் தானாக நின்றுவிடும்.

அந்தக் கிளி ரயில் கூட்டத்தில் ஒரு குத்துவிளக்கு லேபிளும் உண்டு. கொஞ்சம் மேலிருந்து பார்ப்பது போல வரைந்த ஐந்து முக விளக்கு. ஆனால் சுடர் நாலுதான். முதன்முதலில் வரைந்தவர் ஒரு முகத்தை விட்டுவிட்டார். எனக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை வீட்டில் ஐந்து முகமும் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு இங்கே வந்து பார்த்தால், வரிசை வரிசையாக ஒரு முகம் அணைந்த விளக்குகள். யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை அச்சடிக்கும் பிளேட் தேய்ந்து புதிதாக எடுத்தபோது, எங்கள் ஆர்ட்டிஸ்ட் யாரையும் கேட்காமல் ஐந்தாவது சுடரையும் வரைந்துவிட்டார். அந்தப் புரூப் கைக்கு வந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

சரக்கு வடக்கே போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் போலி என்று சொல்லித் தொட மறுத்துவிட்டார்களாம். வாங்குகிற சனம் எழுத்தைப் படித்தா வாங்குகிறது? படத்தைப் பார்த்து வாங்குகிறது. ஒரு சுடர் கூடினால் அது அவர்களுக்கு வேறு தீப்பெட்டி.

முதலாளி அண்ணாச்சி ஆர்ட்டிஸ்ட்டைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பிடி பிடியென்று பிடித்தார். "ஏல, விளக்கு எரியுதா அணையுதான்னு பாக்கதுக்கு நீ என்ன கோயில் குருக்களா? பழசுல நாலு இருந்தா நாலு. பழசுல கிளிக்குக் கொம்பு இருந்தா, கொம்புதான்!"

அன்றிலிருந்து அச்சகத்தில் அதுவே வேதம். பழசு எப்படியோ புதுசும் அப்படி. கூட்டத்தில் ஒன்று மாறியிருந்தால் மாறினதுதான் தப்பு. அந்தப் பாடம் தவறு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். தீப்பெட்டிக்கு அது தர்மம். எங்கள் எல்லோருக்கும் அது கையோடு கண்ணோடு ஊறிப்போனது. பின்னால் வந்த வினைக்கு விதை அங்கேதான் கிடந்தது.

பிறகு லைட்டர் வந்தது, பெரிய மெசின் வைத்த கம்பெனிகள் வந்தன, சின்னச் சின்னத் தீப்பெட்டி ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. லேபிள் வெட்டும் பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. முதலாளி அண்ணாச்சி மதுரைக்கு அலைந்து அலைந்து மருந்துப் பெட்டி ஆர்டர் பிடித்து வந்தார். பெரிய விளம்பரப் பெயர் இல்லாமல், மருந்தின் பெயரையே பெயராகப் போட்டு விற்கும் சின்னக் கம்பெனிகள். ஒரே காய்ச்சல் மருந்தைப் பல கம்பெனி செய்யும். பெட்டியில் நிறம் வேறு, கம்பெனி பெயர் வேறு. ஆனால் மருந்தின் அளவும் எச்சரிக்கையும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

புரூப் பார்ப்பது அப்போதெல்லாம் ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் பார்க்க. வாசிக்கிறவன் நான். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் பாதிதான் தெரியும். தேவாரம் மாதிரி ராகம் இழுத்து, புள்ளி, கமா எல்லாம் சொல்லி வாசிப்பேன். மெசின்மேன் மாடசாமி அந்தப் பக்கம் இருந்து குரல் கொடுப்பான்: "அண்ணாச்சி மருந்து வாசிச்சா பாதி நோய் ஓடிரும். மீதி நோய் அண்ணாச்சிக்கே வந்துரும்." மத்தியானக் கரிசல் வெயிலில் தகரக் கூரை காய, என் ராகமும் மெசின் சத்தமும் சேர்ந்து தாளம் போடும். இப்போது நினைத்தால் அதுவும் ஒரு கச்சேரிதான்.

அப்போதுதான் செல்வி வந்தாள். மில் தொழிலாளி மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு எழுத்துக் கோர்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒல்லியான பிள்ளை. ஆனால் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டாள். நாங்கள் வாசிப்பதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த எழுத்தெல்லாம் ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள்ளதான கெடக்கு? அதையே வாசிக்கச் சொன்னா என்ன?" என்றாள்.

சொன்னபடி செய்தும் காட்டினாள். ஒரே பெயருள்ள மருந்தின் எழுத்துகளை எல்லாக் கம்பெனிப் பெட்டியிலிருந்தும் எடுத்து, வரிக்கு வரி பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். எல்லாம் ஒத்துப்போனால் கறுப்பு. கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு மாதிரி சொன்னால், அந்த வரி சிவப்பு. முதல் நாளே எங்கள் கண்ணுக்குத் தப்பின ஒன்றைப் பிடித்தது. வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும் என்ற வரி ஒரு பெட்டியில் விட்டுப்போயிருந்தது. முதலாளி அண்ணாச்சி எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். மாடசாமி என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கச்சேரிக்கு இனி வேற ஊரு பாக்க வேண்டியதுதானா?" என்றான். எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது உண்மை. ஆனாலும் கண் மங்குகிற வயசில் துணைக்கு ஒரு கண் வந்ததே என்று செண்பகவல்லி அம்மாளுக்கு நன்றி சொன்னேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை.

புதிதாக வந்த ஒரு கம்பெனி, குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்துக்குப் பெட்டி கொடுத்திருந்தது. முதலில் ஒரு பெட்டி அடித்து அனுப்பியாயிற்று. இது இரண்டாவது. இதுவும் சரியாக, சொன்ன நேரத்துக்குப் போய்விட்டால் அவர்களுடைய பெட்டி எல்லாம் நமக்கே. பிசகினால் சிவகாசிக்குப் போய்விடும். லேபிள் வெட்டும் பெண்களிடம் அண்ணாச்சி வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: "இந்த ஆர்டர் நின்னாத்தான் தாயி நாம நிப்போம்." சாயங்காலம் மதுரை பார்சல் வண்டியில் ஏற்றியாக வேண்டும்.

மெசினில் முதல் தாள் வந்து, வெட்டி, மடிப்புக்கோடு போட்டு, மாதிரிக்கு ஒரு அட்டை என் மேசைக்கு வந்தது. செல்வி அதன் எழுத்தை ஓட்டினாள். திரையில் ஒரே ஒரு வரி சிவப்பாக எரிந்தது.

மற்ற எல்லாப் பெட்டியிலும் "ஒவ்வொரு ஐந்து மில்லியிலும்" இவ்வளவு மருந்து என்று இருக்கிறது. இதில் மட்டும் "ஒவ்வொரு மில்லியிலும்" என்று இருக்கிறது. இதே கம்பெனிக்கு முன்னால் அடித்த பெட்டியிலும் ஐந்து மில்லிதான்.

முதலாளி அண்ணாச்சி ஓடி வந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளாவே! கம்ப்யூட்டர் பிடிச்சிட்டு! அவிய அனுப்புன காப்பியிலயே அஞ்சு விட்டுப்போச்சு. நாம அப்படியே அடிச்சு அனுப்பியிருந்தா பேரு நாறியிருக்கும்." செல்வியின் தலையில் தட்டிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. கம்ப்யூட்டர் வாசிக்கத் தொடங்கியபின் அதன் முதல் பெரிய வேட்டை அது.

அண்ணாச்சி முறையாகக் கம்பெனிக்கும் போன் போட்டார். ஆர்டர் கொடுக்கும் மனிதர்தான் எடுத்தார். அவருக்கு அவசரம். "இதுக்கெல்லாம் போன் பண்ணுவீங்களா? முந்தின பெட்டியில எப்படி இருக்கோ அப்படியே போட்டு அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்.

கேட்டீர்களா? கம்ப்யூட்டரும் சிவப்பு என்கிறது. முந்தின பெட்டியும் அப்படிச் சொல்கிறது. ஆர்டர் கொடுத்தவரும் அதையே சொல்கிறார். நம் அச்சகத்து வேதமும் அதுதான். நாலு பக்கமும் ஒரே பதில். மாடசாமி மெசினை நிறுத்தினான். புதுப் பிளேட் எடுக்க ஆள் போனார்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. மேசைக்கு வந்த அந்த அட்டை என் கையில் இருந்தது. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் தீப்பெட்டி ஒட்டாத வீடு குறைவு. பள்ளிக்கூடம் போகுமுன் என் அம்மாவும் அக்காமாரும் நானும் வட்டமாக உட்கார்ந்து பெட்டி ஒட்டுவோம். அந்த விரல் இது. மடிப்புக்கோடு போட்ட அட்டை கையில் கிடைத்தால் விரல் சும்மா இருக்காது. பஸ் டிக்கெட்டை மடித்து, கல்யாணப் பத்திரிகையை மடித்து என் வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது இன்றும் உண்டு. அன்றைக்கும் விரல் தன்பாட்டுக்கு மடித்து முடித்து, மேசையில் நிறுத்தி வைத்தது.

சின்னப் பெட்டி. பெருவிரலைவிடக் கொஞ்சம்தான் உயரம் கூடுதல் என்று சொல்லலாம். அதன் பக்கத்தில் செல்வியின் பேனாக்கள் நின்றன. இதே கம்பெனிக்கு முதலில் அடித்ததில் கழித்துப் போட்ட பெட்டி ஒன்றை அவள் பேனா வைக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டிக்குள் இந்தப் பெட்டியைப் போட்டு மூடலாம்.

இத்தனை மருந்துப் பெட்டி அடித்திருக்கிறோமே, செல்வி பேனா வைக்க மடித்ததைத் தவிர ஒன்றையும் பெட்டியாக நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்கு எல்லாம் தட்டையான அட்டை. கட்டுக் கட்டாகப் போகும். மடிப்பதும் மருந்து வைப்பதும் கம்பெனியில். தீப்பெட்டி லேபிளுக்குத் தாளைத் தாண்டிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லாததால், அந்தப் பழக்கமே எங்களிடம் இல்லை.

"தாயி, இங்கன பாரு" என்றேன். "ஒரே மருந்து, ஒரே கம்பெனி. இது ஏன் இத்துனூண்டு இருக்கு?"

அண்ணாச்சிதான் பதில் சொன்னார். "சின்ன பாட்டில்னா சின்னப் பெட்டி. சோப்புல சின்னது பெருசு இல்லையாவே? வண்டி வார நேரத்துல பொம்மை செஞ்சு விளையாடுதீரு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் செல்வி பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினாள். உள்பக்கம் ஒரு மடிப்பு இருந்தது, நடுவில் தடுப்பு மாதிரி. பெரிய பெட்டியில் அது இல்லை. தடுப்புக்கு ஒரு பக்கம் பாட்டில் நிற்கும். இன்னொரு பக்கம் குறுகலாக ஒரு இடம்.

"அண்ணாச்சி, இந்தச் சந்துக்குள்ள என்ன வைப்பாவ?" என்றாள்.

அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. அதுதான் விஷயம். தெரியாது என்பது தெரிந்த பிறகு எப்படி அடிப்பது? "முதலாளி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஒரு பாட்டிலைப் பாத்துட்டு வந்துருதோம்" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிளேட் வரதுக்குள்ள வந்துரணும். வந்துட்டா நான் காத்திருக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

வெயிலில் நடந்தோம். முதலில் இருந்த மருந்துக்கடையில் கேட்டால், "வாங்கப் போறியளா, வேடிக்கை பாக்கப் போறியளா? அதெல்லாம் டாக்டரைக் கேளுங்க" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்குத் தெரிந்த பாய் கடை ஒன்று உண்டு. என் பிள்ளைகளுக்கு எல்லா மருந்தும் அங்கேதான் வாங்கினது. போனால் பாதி ஷட்டர் இறங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் அவரைக் கூப்பிட எனக்கு மனசு வராது. அவர் சாமி கும்பிடுகிற நேரம். கடை நிழலில் நின்றோம்.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அண்ணாச்சி, ஒருவேளை அந்த வரி சரியா இருந்தா, நான் செவப்புன்னு காட்டினதாலதான மாத்துதாவ?" என்றாள்.

"இருக்கட்டும் தாயி, அம்மா பாத்துக்கிடுவா" என்றேன். வாய்க்குள் செண்பகவல்லித் தாயைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். பிளேட் வந்திருக்குமோ, மாடசாமி மாட்டியிருப்பானோ என்று அச்சகப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் தொப்பியோடு வந்தார். "என்ன அண்ணாச்சி, வாசல்ல காவல் நிக்கிய? கடையை எளுதிக் கேக்கப் போறியளோ?" என்று சிரித்துக்கொண்டே ஷட்டரைத் தூக்கினார். விஷயத்தைச் சொன்னதும், அதே காய்ச்சல் மருந்தில் வேறு கம்பெனியின் இரண்டு பெட்டியை எடுத்துப் பலகையில் வைத்தார். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. திறந்தார். பெரியதில் பாட்டில், அதன் தலையில் அளவுக் கிண்ணம். சின்னதில் குட்டிப் பாட்டில். பக்கத்துச் சந்தில் கண்ணாடிக் குழாய், தலையில் ரப்பர்.

"பேனாவுக்கு மை ஊத்துத பில்லர் மாதிரி இருக்கு" என்றாள் செல்வி.

"பில்லரேதான் பாப்பா. இது கைக்குழந்தைக்கு உள்ள சொட்டு மருந்து. பச்சப்பிள்ள ஒரு கரண்டி மருந்தை முழுங்குமா? துப்பிரும். அதனால மருந்தைச் சுண்டக் காய்ச்சுன மாதிரி கெட்டியா செஞ்சு, கொஞ்சூண்டு ஊத்தச் சொல்லுவாவ. பெருசுல அஞ்சு மில்லில இருக்கது, இதுல ஒரு மில்லிலயே கிட்டத்தட்ட இருக்கும்."

செல்வி குட்டிப் பாட்டிலைக் கையில் எடுத்தாள். "நாங்க அடிக்குத சின்னப் பெட்டியில, அஞ்சு மில்லிக்கு இவ்வளவுன்னு போட்டுட்டா?"

பாயின் கை அப்படியே நின்றது. "ஒரு பில்லர் ஊத்த வேண்டிய வாயில தாய்க்காரி ஒரு கரண்டி ஊத்துவா. ஈரல் தாங்காது பாப்பா. அப்படிப் போட்ட பெட்டி எங்கன இருக்கு? எந்தக் கடையில?"

"இன்னும் இல்ல பாய்" என்றேன் நான். "இன்னும் இல்ல."

அவர் உடனே ஒரு பில்லரை எடுத்துச் செல்வி கையில் கொடுத்தார். "இதைக் கொண்டுபோய்க் காட்டுங்க. வாயால சொன்னா உங்க முதலாளி நம்ப மாட்டாரு. ஓடுங்க." ஆட்டோவில் ஏறினோம். வழியில் பஸ்காரன் ஒருத்தன் குறுக்கே நிறுத்திக்கொண்டு கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் கடலைமிட்டாயை நான் திட்டினது அன்றைக்குத்தான்.

வாசலிலேயே மெசின் சத்தம் கேட்டது. உள்ளே போனால், மாடசாமி புதுப் பிளேட்டை மாட்டி, ஓட்டம் பார்க்கத் தாள் விட்டுக்கொண்டிருந்தான். செல்வி எனக்கு முன்னால் ஓடினாள். அண்ணாச்சி முன்னால் போய் நின்று, பில்லரை நீட்டினாள். மூச்சு வாங்கியது.

"முதலாளி, சந்துக்குள்ள இதுதான் இருக்கும். அந்த ஒரு மில்லி சரி. சொட்டு மருந்தையும் கரண்டி மருந்தையும் ஒரே கூட்டத்துல வச்சது நான்தான். பேரு ஒண்ணுன்னு சேத்துட்டேன்."

பாய் சொன்னதை நான் சொன்னேன். அண்ணாச்சி பில்லரை வாங்கி ரப்பரை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். வண்டி வர அதிக நேரமில்லை. வெட்டுப் பகுதியில் பெண்கள் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மாற்றச் சொன்னது கம்பெனிக்காரர். பழி நம்மேல் வராது. வண்டியும் போய்விடும். ஆர்டரும் நிற்கும்.

"நிப்பாட்டுடே" என்றார் மாடசாமியிடம்.

மெசின் நின்றது.

அடித்த தாள்களைக் கிழிக்கச் சொன்னார். மறுபடி கம்பெனிக்குப் போன் போட்டார். அந்த மனிதரே எடுத்துக் கத்தினார். கத்தி முடிக்கும்வரை அண்ணாச்சி பொறுத்தார். பிறகு, "சார், மருந்து செய்யுத ஆளக் கூப்பிடுங்க. அவரு வாயால சொன்னாத்தான் மெசின் ஓடும். சிவகாசிக்குத் தாரதுன்னா தாராளமாத் தாங்க. அங்கயும் நான் போன் பண்ணி இதையே சொல்லுவேன்" என்றார். அண்ணாச்சி யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆர்டருக்காக மதுரையில் வாசல் வாசலாக ஏறி இறங்கின மனிதர்.

நெடுநேரம் கழித்து மருந்து செய்பவர் பேசினார். அண்ணாச்சி விவரம் சொல்ல, அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, எழுதி அனுப்பின காப்பிதான் சரி, ஒரு எழுத்தும் தொடாதீர்கள் என்றார். ஃபேக்ஸிலும் அனுப்புகிறேன் என்றார். கடைசியாக, "பெட்டி அடிக்கிறவங்க நீங்க, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு மேசையில் நின்ற அந்தக் குட்டிப் பெட்டியைப் பார்த்தார்.

"மடிச்சுப் பாத்தோம் சார்" என்றார்.

வண்டி அன்றைக்குப் போய்விட்டது. பெட்டி மறுநாள் தனி வண்டியில் போனது. கம்பெனி எங்களை விடவில்லை, அம்மாள் கிருபை. ஆனால் அந்த ஆர்டர் மனிதர் ஒரு நாள் தாமதத்தைச் சொல்லிச் சொல்லியே பல மாதம் அண்ணாச்சியை வறுத்தெடுத்தார். நல்லது செய்தால் உடனே மாலை விழும் என்று நினைத்து யாரும் செய்யாதீர்கள். திட்டுதான் முதலில் வரும்.

அண்ணாச்சி கம்ப்யூட்டரைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவாரோ என்று செல்வி பயந்தாள். அவர் அப்படிச் செய்யவில்லை. "அது இல்லாட்டா அந்த வரியை நாம கவனிச்சிருக்கவே மாட்டோமே, பிள்ள" என்றார். அதுவும் உண்மை. கம்ப்யூட்டர் காட்டியிராவிட்டால் சரியானது சரியாகவே போயிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அடுத்து வரும் ஒன்று தப்பாகவே வந்திருந்தால்?

செல்வி அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தாள். முதலாவது, அந்தச் சிவப்பை எடுத்தாள். இப்போது உங்கள் திரையில் ஒரு வரி மாறினால் இரண்டு பக்கமும் நீலமாக வருகிறதே, அது அவள் வைத்தது. ஏன் என்று கேட்டேன். "அதுக்கு வேற வேறன்னு மட்டும்தான் அண்ணாச்சி தெரியும். எது தப்புன்னு தெரியாது. தனியா நின்னதுக்கு நான்தான் செவப்பு பூசுனேன்" என்றாள். எனக்கு அப்போது அந்த ஐந்தாவது சுடர் நினைவுக்கு வந்தது. அண்ணாச்சிக்கும் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில், திரும்பி வந்த அந்தப் பழைய குத்துவிளக்கு லேபிள் ஒன்று இருந்தது. ஐந்து முகமும் எரிகிற லேபிள். எங்கே எடுத்து வைத்திருந்தாரோ. கேட்டதற்கு, "சும்மா கெடக்கட்டும்வே" என்றார்.

இரண்டாவதுதான் நீங்கள் எடுக்கச் சொல்லும் கேள்வி. அவள் அதை எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இதுக்கு ஆமான்னு கம்ப்யூட்டரே பதில் சொல்ல முடியாது அண்ணாச்சி. கை உள்ள ஆளுதான் சொல்ல முடியும்" என்றாள். நான் இருந்தவரை ஒவ்வொரு பெட்டிக்கும் மடித்துவிட்டுத்தான் ஆம் என்று அமுக்கினேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வெறும் பெட்டிதான். சாமி கும்பிடுவது போலத்தான் அது. தினமும் கும்பிடுகிறோம், தினமுமா அம்மாள் எதிரில் வந்து நிற்கிறாள்? வருகிற அன்றைக்கு நாம் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விரலை அன்றைக்கு மடிக்க வைத்தது யார் என்று என் வீட்டுக்காரி கேட்பாள். எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது என்னோடு இருக்கட்டும். உங்களுக்கு அந்த விரல் இல்லை. நீங்கள் யாரும் தீப்பெட்டி ஒட்டி வளரவில்லை, அது நல்லதுதான். அதனால்தான் கேள்வி தேவைப்படுகிறது.

செல்வி கல்யாணமாகி பெங்களூர் போனபோது, பாய் கொடுத்த அந்தப் பில்லரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ரப்பரை மட்டும் இரண்டொரு தரம் மாற்றினேன். எங்கள் பூஜை அலமாரியில் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரி அதால்தான் குத்துவிளக்குக்கு எண்ணெய் விடுகிறாள். ஐந்து முகத்துக்கும் ஒரு சொட்டுச் சிந்தாமல் விடலாம் என்கிறாள்.

கேள்வியைத் திரையிலிருந்து எடுப்பதென்றே முடிவு செய்தால், ஒரு நாள் வீட்டுக்கு வந்து அந்தப் பில்லரை வாங்கிக்கொண்டு போங்கள். கம்ப்யூட்டர் பக்கத்தில், கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். என் வீட்டுக்காரிக்கு எண்ணெய் விட நான் வேறு ஒன்று வாங்கிக் கொடுத்துக்கொள்கிறேன்.